நடுவர் தீர்ப்பே இறுதியானது

என் பெயர் 'அ'வில் தொடங்குகிறது. அதனால் பள்ளிக்கூடத்தில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பேச்சுப் போட்டிக்கு அகரவரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். முதல் ஆள் எப்போதும் நான். நடுவர்கள் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பேனாவை உதறிக்கொண்டிருப்பார், இன்னொருவர் காபியில் சர்க்கரை கம்மி என்று பையனிடம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் அவையோருக்கு வணக்கம் சொல்லி, பாரதியைத் தொட்டு, வள்ளுவரைத் தொட்டு, மணி அடித்து இறங்கும்போதுதான் மூவரும் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு 50-க்கு 30. பின்னால் இன்னும் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு மேலே இடம் விட்டு வைக்க வேண்டாமா?

எட்டாம் வகுப்பிலிருந்து பழைய பதினொன்றாம் வகுப்பு வரை நான் வாங்கியவை மூன்று ஆறுதல் பரிசுகள். மூன்றும் சோப்பு டப்பா. வேலாயுதமும் ஸ்ரீதரனும் எவர்சில்வர் தட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். போட்டி அறிவிப்பின் அடியில், 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்த வரியின் மேல் எனக்கு இருந்த கோபத்தில்தான் தமிழாசிரியர் ஆனேனோ என்றுகூட நினைப்பதுண்டு.

ஆன மறுவருடமே, 1984 பொங்கலுக்கு, என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். தஞ்சை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், இளைஞர் மன்றத்து ஆண்டு விழா. என்ன போட்டி என்று கேட்டேன்.

"பரதநாட்டியம் சார்."

"எனக்கு நாட்டியம் தெரியாதேப்பா."

"தமிழ் சார்தானே? வாங்க சார், பாத்துக்கலாம்."

அன்றைய நடுவர் தகுதி இவ்வளவுதான். கைவசம் சட்டையும் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும். எனக்கு வலப்பக்கம் வங்கி மேலாளர். நன்கொடை ரசீதில் முதல் கையெழுத்து அவருடையது. இடப்பக்கம் கோயில் நாகஸ்வர வித்வான். மதிப்பெண் எழுதுவதற்கு ஆளுக்கொரு பிட் நோட்டீஸ் கொடுத்தார்கள். முன்பக்கம் புதுப்படம், பின்பக்கம் எங்கள் தீர்ப்பு.

மேலாளர் மேடையைப் பார்க்கவே இல்லை. திரும்பி உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தார். கைதட்டல் நீண்டால் மார்க்கும் நீளும். வித்வானோ கண்ணை மூடிக்கொண்டார். நாட்டியப் போட்டியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்த நடுவரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. தூங்குகிறார் என்று நினைத்து மெல்ல இடித்தேன்.

"தம்பி, காலு தப்பினா சலங்கை சொல்லிடும். கண்ணைத் தொறந்தா பட்டுப்பாவாடைதான் தெரியும்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அவர் வானொலியில் பி ஹை வித்வான். 1950களில் கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது, ஏற்கெனவே நிலையத்தில் பாடிக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருந்தவர்களைக்கூடத் தேர்வுக்கு உட்கார வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் வாசித்தவனைச் சோதிக்க இவர்கள் யார் என்று எத்தனையோ பேர் கொதித்தார்கள். இவரும் கொதித்தவர்தான். ஆனால் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வார்: கேட்டு மதிப்பிடுகிறவருக்குப் பெயர் போகாது, எண்தான் போகும். "எங்க அப்பன் பேரும் போகலை, என் ஜாதியும் போகலை. சத்தம் மட்டும்தான் போச்சு" என்பார். நான் சந்தித்த நடுவர்களில் பயிற்சி பெற்றவர் என்று சொல்லத்தக்க முதல் ஆள் அவர்தான். பயிற்சி கொடுத்ததும் அவரேதான்.

முதலில் ஆடிய பெண்ணுக்கு நான் 50-க்கு 30 போட்டேன். வேறு என்ன போடுவது? பின்னால் பதினான்கு பேர் இருந்தார்களே.

கூட்டிப் போடுகிற நேரத்தில் மன்றச் செயலாளர் வந்து என் காதருகே குனிந்தார். மூன்றாம் நம்பர் குழந்தையின் தாத்தாதான் ஷாமியானாவுக்கும் மைக் செட்டுக்கும் பணம் கட்டியவராம். "சும்மா தகவலுக்குத்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நம்பர் குழந்தையின் முகபாவத்தில் ஏதோ ஒரு அழுத்தம் இருந்ததை நானும் மேலாளரும் அப்போதுதான் உணர்ந்தோம். கூட்டுத்தொகையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ப பாவம் இத்தனை, தாளம் இத்தனை, அலங்காரம் இத்தனை என்று பிரித்துப் போடுகிற கணிதத்தை நான் கற்றது அன்றுதான். வித்வான் மட்டும் மூன்றாம் நம்பருக்கு 18 போட்டிருந்தார். மூன்று பேர் மார்க்கைக் கூட்டும்போது அவருடைய தாள் எங்கோ பறந்துவிட்டது. பொங்கல் காற்று அப்படி.

சாயங்காலம் மாறுவேடப் போட்டி. ஒன்பது பாரதியார்கள் வந்தார்கள். கண்மையில் வரைந்த மீசை கடைசிவரை கலையாதவர் யாரோ அவரே பாரதி என்று முடிவு கட்டினோம். ஆனால் முதல் பரிசு போனது மார்கழிப் பனி மிச்சமிருந்த குளிரில் வெற்றுடம்போடு நின்று கதறி அழுத மூன்று வயதுக் காந்திக்கு. காரணம் கேட்டதற்கு மேலாளர், "இயல்பான நடிப்பு" என்றார்.

கூலி ஒரு பூத்துவாலை, ரவா உப்புமா, காபி. பஸ் ஏற நின்றபோது தோற்ற குழந்தையின் தாய்மாமன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. ஒங்களுக்கு டான்ஸ் தெரியுமா?"

'தெரியாது' என்று சொல்லும் தைரியம் எனக்கு வர முப்பது வருடம் ஆயிற்று. அன்று சொன்னது, "நடுவர் தீர்ப்பே இறுதியானது."

பாடம் நடத்திய காலத்தில் இதற்கு நான் இலக்கியத்தில் ஆறுதல் தேடியிருக்கிறேன். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடலாசிரியன் எப்படி இருக்க வேண்டும், பாட்டெழுதுகிறவன், தண்ணுமை வாசிப்பவன், குழலோன், யாழாசிரியன் எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் இலக்கணம் வைக்கிறார் இளங்கோ. மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவுகூடக் கொடுக்கிறார். எல்லாம் முடிந்து மாதவி ஆடி, தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். பரிசு கொடுக்கிற மன்னனுக்கு நாட்டியம் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரி கிடையாது. மேடைக்கு அளவுகோல் உண்டு, தீர்ப்புக்கு இல்லை. பிற்காலக் கதைகளோ இன்னும் மோசம். பிழையாகப் பாடினால் பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டுவானாம், வில்லிபுத்தூரார் காதை அறுப்பாராம், ஒட்டக்கூத்தர் தலையையே எடுப்பாராம். போட்டியாளருக்கு இத்தனை தண்டனை வைத்த மரபில், தப்பாகத் தீர்ப்புச் சொன்ன நடுவருக்கு ஒரு குட்டுகூட இல்லை. நல்லவேளை.

இனி இந்தக் காலத்துக்கு வருவோம். 2023-ல், ஓய்வு பெற்று ஏழு வருடம் கழித்து, எனக்கு ஓர் அழைப்பு வந்தது. மாவட்டத் தலைநகரில் குளிரூட்டிய கூடத்தில் 'நடுவர் பயிற்சி முகாம்', கலை அமைப்பு ஒன்று நடத்தியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று அடுக்கடுக்காகப் போட்டிகள் வந்துவிட்ட காலம் இது. அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவே அப்படித்தான் நடக்கிறது. நடுவருக்கு ஏகப்பட்ட கிராக்கி. கழுத்தில் அட்டை மாட்டினார்கள். ஒரு கோப்பு, ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில். வகுப்பெடுத்தவர் என் மகளைவிட வயதில் சின்னவர், நாட்டியம் படித்தவர், கெட்டிக்காரி.

முதலில் ஓர் உறுதிமொழித் தாள். 'போட்டியாளர்களில் எனக்கு உறவினரோ மாணவரோ இல்லை.' பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்டிய ஆசிரியை பேனாவைக் கடித்துக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தார். "போன மாசம்தான் நின்னுட்டா. அப்ப மாணவி இல்லதானே சார்?" என்றார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது படிவம். பத்துக் கட்டங்கள், கட்டத்துக்குப் பத்து மதிப்பெண், கால் மார்க் வரை போடலாம். அடவுச் சுத்தம், தாளக்கட்டு, முகபாவம், அரங்கைப் பயன்படுத்திய விதம் என்று போய் பத்தாவது கட்டத்தில் 'ஒட்டுமொத்தத் தாக்கம்'. அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. ஷாமியானா தாத்தா குடிமாறி இங்கேதான் வந்திருக்கிறார்.

வகுப்பெடுத்த பெண் சொன்ன கதைகள் நன்றாகவே இருந்தன. 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கொமனேச்சிக்கு முழுசாகப் பத்து கிடைத்தபோது, பத்தைக் காட்ட வழியில்லாத பலகை 1.00 என்று காட்டியதாம். 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் ஜோடிகளுக்கான தீர்ப்பில் பிரெஞ்சு நடுவர் ஒருவர் மீது புகார் கிளம்பி, கடைசியில் ரஷ்ய ஜோடியோடு கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஆறு மார்க் முறையையே தூக்கிப்போட்டுவிட்டுப் புதுமுறை கொண்டுவந்தார்கள். கூடவே எந்த நடுவர் எந்த மார்க் போட்டார் என்பதையும் வெளியே தெரியாமல் மறைத்துவிட்டார்கள். திருட்டுப் போன வீட்டில் விளக்கை அணைத்து வைத்த கதைதான். அந்த விளக்கை மறுபடி ஏற்ற 2016 ஆயிற்று.

பெல்ஜியத்தில் ராணி எலிசபெத் இசைப் போட்டி உலகப் புகழ் பெற்றது. அங்கே யார் எப்போது வாசிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். அப்படியும் பின்னால் வாசித்தவர்கள் மேலேயும் முன்னால் வாசித்தவர்கள் கீழேயும் வருகிற போக்கு இருப்பதைப் பல வருடத்து முடிவுகளை வைத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்களாம். இதைக் கேட்டதும் எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. சோப்பு டப்பா வாங்கியவனின் வலி பிரஸ்ஸல்ஸ் வரை தெரிந்திருக்கிறது.

இன்னொன்று, 2013-ல் சியா-ஜுங் சாய் என்ற பியானோ கலைஞர் வெளியிட்ட ஆய்வு. இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரில் வென்றவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒலியை மட்டும் கேட்டவர்கள் குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும். ஒலியே இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தவர்கள் அதைவிட எவ்வளவோ மேல். சங்கீதம் தெரிந்தவர்களுக்கும் இதே கதிதான். எனக்கு வித்வானின் மூடிய கண்கள் ஞாபகத்துக்கு வந்தன. அவர் போய்ச் சேர்ந்து இருபது வருடமாகிறது.

பிறகு ஒரு பரீட்சை. நாலு நிமிட நாட்டியப் படம் ஒன்றைப் போட்டு எல்லோரையும் தனித்தனியாக மார்க் போடச் சொன்னார் வகுப்பெடுத்தவர். கூடத்தில் முப்பது பேர். பத்துக்கு நாலில் தொடங்கி ஒன்பது வரை வந்தது. ஏன் நாலு, ஏன் ஒன்பது என்று ஒவ்வொருவராக எழுந்து காரணம் சொல்ல வேண்டும். பாதிப்பேரிடம் காரணம் இல்லை. நான் எட்டு போட்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு வேறு ஏழெட்டுப் படங்களுக்கு நடுவில், சொல்லாமல் கொள்ளாமல், அதே படத்தை மறுபடி ஓட்டியிருக்கிறார். இந்தத் தடவை நான் ஆறு போட்டிருந்தேன். படத்திலிருந்த பெண் ஆடியது அதே ஆட்டம். இடையில் வந்தது சாம்பார் சாதம் மட்டும்.

என்னைக் கேட்டால், அன்று நடந்ததில் பயிற்சி என்று பெயர் வைக்கத்தக்கது இது ஒன்றுதான். ஒரே ஆட்டத்தை எல்லோரும் பார்த்து, தனித்தனியே மார்க் போட்டு, அதற்கான காரணத்தை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் ஸ்டேஷனரி. பத்துக் கட்டமும் கால் மார்க்கும் பழைய கணிதத்தை இன்னும் நுணுக்கமாகச் செய்யத்தான் உதவும். முன்பு முப்பதை மூன்றாகப் பிரித்தோம், இப்போது பத்தாகப் பிரிக்கிறோம்.

தாய்மாமன்களும் முன்னேறிவிட்டார்கள். இப்போது அவர்கள் பஸ் ஸ்டாண்டில் மறிப்பதில்லை, வீடியோவோடு வருகிறார்கள். கேரளத்தில் 1957-லிருந்து நடக்கும் பள்ளிக் கலோற்சவத்தில் மேல்முறையீட்டுக்கென்றே குழுக்கள் உண்டு. அது போதாமல் நீதிமன்ற உத்தரவு வாங்கிக்கொண்டு மேடையேறிய பிள்ளைகளும் உண்டு. முதல் இடம், இரண்டாம் இடம் என்பதையே எடுத்துவிட்டு ஏ கிரேடு, பி கிரேடு என்று மாற்றினார்கள். அப்பீல் நிற்கவில்லை.

மறுமாதம் போட்டி. மேசைமேல் ஆளுக்கொரு டேப்லெட். போட்டியாளருக்குப் பெயர் கிடையாது, எண்தான். வரிசையும் குலுக்கல்தான், 'அ'வில் பிறந்ததற்காக இனி எந்தப் பிள்ளையும் அழ வேண்டியதில்லை. ஒருவர் ஆடி முடித்ததும் மார்க்கைப் போட்டு அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், பிறகு மாற்ற முடியாது. செயலாளர் வந்து குனிய இடமே இல்லை.

முதலில் வந்தது 17-ஆம் எண். பன்னிரண்டு வயதிருக்கும். நன்றாக ஆடினாள். ஒரு நிமிடம் நான் கண்ணை மூடிக்கொண்டுகூடக் கேட்டேன். சலங்கை ஓரிடத்திலும் தப்பவில்லை. விரல் எட்டரைக்குப் போயிற்று. அப்புறம் திரையின் மூலையைப் பார்த்தேன். '1/32' என்றிருந்தது.

பத்துக் கட்டங்களிலும் ஆறும் ஆறேகாலும் ஆறரையுமாகப் போட்டு அழுத்தினேன். பூட்டிக்கொண்டது. மொத்தம் 63. அவளுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. சோப்பு டப்பா கொடுக்கும் வழக்கம் இப்போது இல்லை. கியூஆர் கோடு போட்ட சான்றிதழ்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அந்த 63-ஐப் பழைய கணக்கில் மாற்றிப் பார்த்தேன். 50-க்கு 31.5.