தாயம் விழுந்தால் தலை தப்பாது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடிவிடுகிறேன்" என்று உட்கார்ந்த இடத்தில் வாயாலேயே சாகசம் செய்வார்கள். பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். எங்கள் ஊரான எறையூரில், வீட்டுத் திண்ணையில் பொங்கல் லீவில் இதை விளக்கினேன். பெரியம்மா முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "இதுக்குப் பேரு வெட்டிப்பேச்சு. இதுக்குமா வெள்ளக்காரன் புஸ்தகம் போட்டான்?"

போட்டான் பெரியம்மா, நிறையப் போட்டான். அதில் கவனிப்பாரற்றுப் போன ஒன்றைத்தான் நான் பையில் வைத்திருந்தேன். அந்த விளையாட்டைப் போட்ட அதே டி.எஸ்.ஆர். கம்பெனி 1975-இல் வெளியிட்ட 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்'. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 10 டாலருக்கு விற்றபோது இதன் விலை 25 டாலர். எழுதியவர் எம்.ஏ.ஆர். பார்க்கர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது சொல்லிக்கொடுத்த மொழியியல் பேராசிரியர். சின்ன வயதிலிருந்தே டெக்குமெல் என்றொரு உலகத்தைக் கட்டிக்கொண்டு வந்தவர். அதற்கு மொழி, இலக்கணம், கோயில், சட்டம், வரி எல்லாம் உண்டு. பிறகு வேறு வேறு பதிப்பகங்கள் அதைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தன. ஒன்றும் நிலைக்கவில்லை.

காரணம், ரொம்பக் கஷ்டமாம். மற்ற விளையாட்டுகளில் குள்ளர்களும் காதுநீண்ட தேவர்களும் சாராயக்கடையில் சந்தித்து நேரே புதையலுக்குக் கிளம்பிவிடலாம். டெக்குமெலில் அது நடக்காது. நீ எந்தக் குலம், எந்தக் கோயில், குலத்தில் உன் இடம் என்ன என்று தெரியாமல் ஒருவனிடம் வாய் திறக்க முடியாது. விருந்துக் கூடத்தில் மேடை மேடையாக இருக்கும். அந்தஸ்துக்குத் தகுந்த மேடையில்தான் உட்கார வேண்டும். அவமானப்படுத்தினால் குலத்துக்கு நஷ்டஈடு கட்ட வேண்டும். இதையெல்லாம் அமெரிக்கப் பையன்கள் புத்தகம் பார்த்துப் படித்தார்கள், பாவம். எங்கள் மாமா படிக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று சொந்த மச்சானோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவருக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது?

ஆட்டம் தொடங்கியது. ஆட நாலு பேர், கதை நடத்த நான். "நீங்க எல்லாரும் அயல்நாட்டுக்காரங்க. சின்னப் படகுல ஜக்காலா துறைமுகத்துல இறங்குறீங்க. ஒரு காவக்காரன் ஈட்டியை நீட்டி மறிக்கிறான்." இந்த இடத்தில் வழக்கமாக ஆட்டக்காரர்கள் கத்தியை உருவுவார்கள், பிடிபட்டுக் கழுவில் ஏறுவார்கள். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தம்பி, நீங்க யாரு ஊட்டுப் புள்ள?"

காவலனுக்கு நான் அப்பா பெயர் வைத்திருக்கவில்லை. அவசரமாக ஒன்று வைத்தேன். தாய்மாமன் யார் என்றார். வைத்தேன். தாய்மாமனுக்கு நிலம் எவ்வளவு, மானாவாரியா, கிணறு உண்டா, பொண்ணு எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று போய், ஈட்டி எப்போது கீழே இறங்கியது என்று எனக்கே தெரியவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு பகடைகூட உருளாமல் நால்வருக்கும் காவலன் வீட்டில் சாப்பாடு, படுக்கை. நான் உழைத்து எழுதி வைத்திருந்த துறைமுகச் சண்டை அப்படியே நோட்டில் கிடக்கிறது.

பகடை உருண்டபோதுதான் வம்பு வந்தது. அதற்கு இருபது முகம். 20 விழுந்தால் இரட்டை அடி, சிறிய எண் விழுந்தால் குறி தப்பும். சித்தப்பாவுக்கு 1 விழுந்தது. "தாயம்!" என்று எழுந்தே விட்டார். தப்பிவிட்டது, எதிரி உங்களை வெட்டப் போகிறான் என்றேன். "தாயம் போட்டவனை வெட்டுறதா? எந்த ஊரு நியாயம்டா இது?" பெரியம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். கடைசியில் பஞ்சாயத்து பேசி, 1 விழுந்தால் இன்னொரு தரம் உருட்டலாம் என்று எறையூர்த் திருத்தம் வந்தது.

டெக்குமெலில் இரும்பு அபூர்வம். விண்கலத்தில் வந்து குடியேறிய மனிதர்களின் கிரகம், ஒருநாள் வானத்து நட்சத்திரங்கள் மொத்தமும் மறைந்து தனியே மாட்டிக்கொண்டது. அதனால் ஆயுதம், கவசம் எல்லாம் ஆறு கால் மிருகம் ஒன்றின் தோலை உரித்துப் பதப்படுத்திச் செய்கிறார்கள். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைவிட மெதுவாக நடக்கும் மிருகம் அது. "தோல்ல அரிவாளா?" என்று மாமாவுக்கு அந்த உலகத்தின் மீதே மரியாதை போய்விட்டது.

சிப்காட்டில் செருப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அத்தை மகள் அதுவரை பேசவில்லை. "வெளியூர்க்காரங்க தனிப் பேட்டையிலதான் இருக்கணும். பெரிய குலத்துக்காரன் மேல உக்காருவான். சரி, அங்க டீக்கடையில ரெண்டு டம்ளர் உண்டா?" என்றாள்.

திண்ணையில் யாரும் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தில் டீக்கடையே இல்லை என்று சொல்லித் தப்பித்தேன். அமெரிக்காவில் எட்டாத கற்பனை என்று ஒதுக்கியது இங்கே நாலு தெரு நடந்தால் இருக்கிறது. அந்த உலகத்தில் ஒரு பெண் இனி தனக்குத் தானே பொறுப்பு என்று அறிவித்துவிட்டால் ஆணுக்குள்ள உரிமை அத்தனையும் அவளுக்கு உண்டு. அத்தை மகள் அந்த வேஷத்தைத்தான் எடுத்தாள். குல மானம் என்று மாமா ஆரம்பித்தார். "உங்க மேடையில நீங்க உக்காருங்க மாமா, நான் வேலைக்குப் போறேன்." அன்றைய ஆட்டத்தில் புதையல் எடுத்தது அவள் ஒருத்திதான்.

பார்க்கரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிரிக்க வந்த கட்டுரையில் விட்டுவிடலாம்தான், மனசு கேட்கவில்லை. அவர் 2012-இல் இறந்தார். 1991-இல் புனைபெயரில் வந்த ஒரு நாஜி ஆதரவு நாவல் அவர் எழுதியதுதான் என்று 2022-இல் டெக்குமெல் அறக்கட்டளையே ஒப்புக்கொண்டது. இந்தியாவுக்கு வந்து, இஸ்லாத்தைத் தழுவி, உருது சொல்லிக்கொடுத்த மனிதர். இனி அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லி யாரையும் நான் கூப்பிட மாட்டேன்.

ஆனால் அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவிக்கொண்டோம். அங்கே 500 வருஷத்துக்கு ஒருமுறை நகரத்தை இடித்து நிரவி அதன் மேலேயே புது நகரம் கட்டுவார்கள். பழைய ஊர் அப்படியே பாதாளமாகக் கீழே கிடக்கும். இதற்கு டெக்குமெல் வரை போவானேன்? கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டி மாளிகைமேட்டில் தோண்டினால் ராஜேந்திர சோழன் தலைநகரின் அரண்மனைச் செங்கல் வருகிறது. எங்கள் எறையூர்ப் பக்கம் ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. 1751-இல் வாலிகண்டபுரத்தில் சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கம், முகமது அலி, இங்கிலீஷ்காரர்கள் மறுபக்கம் என்று மோதிக்கொண்ட வட்டாரம். கோட்டையிலிருந்து சுரங்கம் எங்கே போகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள். விளையாட்டுக்கு அது போதும்.

அடுத்த ஆட்டம் ரஞ்சன்குடியில், 1751-இல் நடக்கிறது. இரும்பு தாராளம், மாமாவுக்கு அரிவாள் உறுதி. இன்னும் இரண்டு ஆள் வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை என்று ஆட்டத்துக்குள் மட்டும்தான் கேட்போம். டீ எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளரில்.