வைஃபை பெர்ச்சுமா: ‘சும்மா’வின் கடற்பயணம் குறித்து ஓர் ஆய்வு

தமிழர் கடல் கடந்து எவற்றையெல்லாம் கொண்டுபோனார்கள் என்று பட்டியல் போடும் அறிஞர்கள் துணியில் தொடங்கிச் சிவலிங்கம் வரை வருவார்கள். ஒரு சரக்கு மட்டும் எப்போதும் விடுபட்டுவிடும். அதற்கு எடை கிடையாது, விலை கிடையாது, சுங்கம் போடவும் வழியில்லை. ‘சும்மா’தான் அந்தச் சரக்கு. அந்தக் குறையை நீக்கவே இவ்வாய்வு. இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை. தலைப்பைப் பார்த்தாலே காரணம் விளங்கும்.

ஆய்வுக்களம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாய் மாவட்டத்தில், செம்பனைக்கு நடுவே இருக்கும் பண்டார் தெங்காரா. இந்த ஊரின் பெயரே ஆய்வாளனை நெடுநேரம் நிறுத்திவைக்கும். ‘பண்டார்’ பாரசீகச் சொல். அங்கே அதற்குத் துறைமுகம் என்று பொருள். மலாய்க்கு வந்ததும் நகரம் ஆகிவிட்டது. ‘தெங்காரா’ என்றால் தென்கிழக்கு. ஆக, தென்கிழக்குத் துறைமுகம், கடலைத்தான் காணோம். அங்கே ஓர் ஒட்டுக்கடையில், அதாவது சாலையோரச் சிற்றுண்டிக் கடையில், பசியாற வந்த பெரியவர் ஒருவர் இதை ஒப்பவில்லை. பழங்காலத்தில் ஒரு பண்டாரம் தென்கரைக்கு வந்து குடியேறிய ஊர் இது என்றார். எந்த ஆற்றின் தென்கரை என்று கேட்டேன். சாயா ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.

வரலாற்றில் பண்டாரம் யாரும் இல்லை. 1972-இல் அமைக்கப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் காட்டைத் திருத்தி எழுப்பிய நகரங்களில் இதுவும் ஒன்று. அந்த வாரியத்தின் சுருக்கப் பெயர் ‘கெஜோரா’. மலாயில் கெஜோரா என்றால் விடிவெள்ளி. மலேசியத் தமிழர் ரிங்கிட்டையும் வெள்ளி என்றே சொல்கிறார்கள் என்பதால், வெள்ளி இல்லாமல் வாரியம் நடக்காது என்று இங்கே ஒரு துணை முடிவுக்கு வரலாம். மாநிலத்தின் பெயரும் லேசுப்பட்டதல்ல. ஜொகூர், ‘ஜவ்ஹர்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. இரத்தினம் என்று பொருள். ஜவஹர்லால் நேருவின் பெயரில் இருப்பதும் அதே இரத்தினம்தான்.

செம்பனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917-இல் சிலாங்கூரில் போட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்பாடு நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். அந்தத் தோட்டத்தின் பெயர் ‘தென்னமரம்’. செம்பனை போட்ட இடத்துக்குத் தென்னமரம் என்று பெயர் வாய்த்த நாட்டில், கடலில்லாத ஊருக்குத் துறைமுகம் என்று பெயர் வைத்ததில் குறை காண முடியாது.

தரவு

ஒட்டுக்கடையின் தகரத் தூணில் ஓர் அட்டை தொங்கியது. மலாய் மொழியில் இரண்டே சொற்கள்: ‘வைஃபை பெர்ச்சுமா’. வைஃபை இலவசம். ‘பெர்’ மலாய் முன்னொட்டு. அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ‘சுமா’. மலாயில் ‘மட்டும், வெறுமனே’ என்று பொருள். இந்தச் ‘சுமா’ நம் சும்மாவேதான் என்று மலாய்க் கடன்சொற்களை ஆராய்ந்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஃபான் ரோங்கல் என்ற டச்சு அறிஞர் மலாயில் உள்ள தமிழ்க்கூறுகளைப் பற்றி 1902-லேயே கட்டுரை எழுதினார். அதாவது இந்தத் துறைக்கு நான் தாமதமாக வந்தவன்.

ஒலியையும் கவனிக்க வேண்டும். மலாய்க்காரர் இந்தச் சொல்லை அழுத்தமான சகரத்தில், ‘பச்சை’யில் வரும் ‘ச்ச’ போல, உச்சரிக்கிறார்கள். மலையாளிகளும் அப்படித்தான். நாமோ அதைத் தேய்த்து மெலிதாக்கிவிட்டோம். மலாயில் சுருட்டு ‘செருத்து’, சம்மட்டி ‘செமெத்தி’. இரண்டிலும் அதே அழுத்தம். மூன்று சாட்சிகளும் ஒரே மாதிரி சொல்வதால், கப்பலேறிய தமிழன் முதலெழுத்தை அழுத்தியே பேசினான் என்று துணியலாம். சென்னையில் தொலைந்த ஓர் ஒலியை ஜொகூர் ஒட்டுக்கடை பத்திரமாக வைத்திருக்கிறது, வாடகை கேட்காமல்.

சகபயணிகள்

சும்மா தனியாகப் போகவில்லை. கப்பல் ‘காப்பாலா’கப் போனது. கடை ‘கெடாய்’ ஆனது, கட்டில் ‘காத்தில்’ ஆனது, முதல் ‘மோடால்’ ஆனது. பெட்டி, பனிக்கட்டியுடன் சேர்ந்து ‘பெத்தி ஐஸ்’ ஆகி, இன்று அந்த ஒட்டுக்கடையின் மூலையில் குளிர்பதனப் பெட்டியாக முனகிக்கொண்டிருக்கிறது. மாம்பழம் ‘மெம்பெலாம்’, மாப்பிள்ளை ‘மெம்பெலாய்’. கடைசி எழுத்தில் கவனம் பிசகினால் பழக்கூடையோடு மணமேடைக்குப் போக நேரும்.

கிடங்கின் கதை வேறு தினுசு. அது மலாயில் ‘குடாங்’ ஆகி, ஆங்கிலேயன் வாயில் ‘கோடவுன்’ ஆகி, கடைசியில் ‘குடோன்’ என்று மாறுவேடத்தில் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிட்டது. (இந்தச் சொல்லில் தெலுங்கும் பங்கு கேட்கிறது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.) இன்று லாரி ஓட்டுநரிடம் கிடங்கு எங்கே என்று கேட்டால் விழிப்பார், குடோன் என்றால் கைகாட்டுவார்.

இவற்றில் பலவும் காசோடு தொடர்புள்ள சொற்கள் என்பதை வாசகர் கவனித்திருப்பார். வணிகன் போன இடத்தில் வணிகச் சொல் முளைக்கும், அதில் வியப்பில்லை. சும்மாவுக்கு அங்கே என்ன வேலை? சுமத்ராவின் மேற்குக் கரையில், பாரூஸ் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு நாட்டியது. கப்பலில் வருகிறவர்கள் கஸ்தூரியின் விலையை ஒட்டிப் பொன் செலுத்திவிட்டே உள்ளே வரவேண்டும் என்பது அதன் சாரம். சும்மா என்ற சொல் அதில் இல்லை. இருக்கவும் முடியாது, அது வசூல் கல்வெட்டு. ஆனால் பொன்னை எண்ணி வைத்தவன் பக்கத்தில் நின்றவனிடம் என்ன சொல்லிப் புலம்பியிருப்பான்? “இங்கே எவன் சும்மா விடுகிறான்?” ஆதாரமில்லாத கருதுகோள்தான். ஆனால் அடிவாங்கிய வியாபாரியைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

பாகப்பிரிவினை

தமிழில் சும்மாவுக்கு உள்ள சொத்து கொஞ்சமல்ல. சும்மா கொடுத்தான் என்றால் இலவசம். சும்மா வந்தேன் என்றால் காரணமில்லை. சும்மா சொன்னேன் என்றால் விளையாட்டு. சும்மா சும்மா என்றால் ஓயாத தொல்லை. பையன் சும்மா இருக்கிறான் என்றால் வேலை கிடைக்கவில்லை. சும்மா இரு என்றால் வாயை மூடு. அதையே முருகன் அருணகிரிநாதரிடம் சொன்னால் ஞான உபதேசம். ஆள் மாறினால் வசவு வேதமாகும் சொல் வேறெந்த மொழியில் இருக்கிறது என்று கேட்க ஆசைதான். வேறு மொழிகள் எனக்குத் தெரியாது.

கடல் கடந்ததும் சொத்து பிரிந்தது. மலேசியாவில் ‘பெர்ச்சுமா’ பெரும்பாலும் இலவசம். இந்தோனேசியாவில் அதே சொல்லுக்குப் ‘பயனற்றது, வீண்’ என்று பொருள். அங்கே இலவசம் வேண்டுமானால் ‘சுமா-சுமா’ என்று இரண்டு முறை சொல்ல வேண்டும், அல்லது டச்சுக்காரன் விட்டுப்போன ‘கிராத்திஸ்’ இருக்கிறது. வாயை மூடு என்ற பொருளை இரு நாடும் தொடவில்லை. அந்தப் பங்கு முழுக்கத் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டது. தாய்வீட்டின் இரைச்சலைக் கேட்டால், அங்கும் யாரும் அதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

கள ஆய்வு

அட்டையின் கீழே மூவர் சோதிக்கப்பட்டோம். முதலாமவர் மலாய்க்காரர். அட்டையைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்துக் கடவுச்சொல் கேட்டார். இரண்டாமவர் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசிய இளைஞர். அட்டையைப் பார்த்தார், சிரித்தார், கைப்பேசியை எடுக்கவே இல்லை. மூன்றாவது நான். கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன்.

“அண்ணே, வைஃபை இருக்குங்களா?”

“இருக்கு தம்பி. சும்மாதான் இருக்கு.”

அரைமணி நேரம் முயன்றபின், இந்தோனேசியர் படித்த விதமே சரியான பாடம் என்பது உறுதியாயிற்று. ஒரே அட்டை ஜொகூர் மலாயில் விளம்பரம், ஜாவாவில் எச்சரிக்கை. தமிழில் இரண்டும்.

மறுவாரம் தரவைச் சரிபார்க்கத் திரும்பப் போனேன். அட்டையில் பேனாவால் ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘சுமா உந்தோக் பெலாங்கான்’. வாடிக்கையாளருக்கு மட்டும். ஆக, ஒரே அட்டையில் இரண்டு சும்மா; மேலே இலவசம், கீழே மட்டும். நான் தே தாரேக் என்ற இழுத்து ஆற்றிய தேநீர் ஒன்று சொல்லி வாடிக்கையாளர் தகுதியைப் பெற்று, மறுபடி முயன்றேன். கிடைக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் கல்லாவில், மலாயும் இந்தோனேசியமும் எடுத்துக்கொள்ளாத பொருளில், சும்மா இருந்தார்.