தறியில்லாத நெகமம்

"சிஸ்டர்ஸ், நேரா தறியிலிருந்து!" என்று ரீல்ஸில் ஒரு தங்கச்சி சேலையை விரித்ததும், எங்கள் வீட்டிலிருந்து 899 ரூபாய் பறந்துவிட்டது. நெகமம் காட்டனாம், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. நெகமம் பொள்ளாச்சிக்குப் பக்கம்தான், பஸ் ஏறினால் போய்விடலாம். நாங்கள் பார்சலுக்கு ஐந்து நாள் காத்திருந்தோம்.

வந்ததும் அப்பத்தா முந்தானையில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி கிழித்தார். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாய் உதிரணும். இது சுருண்டு உருகி, மிளகாட்டம் கெட்டியாக நின்றது. "ஏங்கண்ணு, இது காட்டுல வெளஞ்ச பஞ்சு இல்ல; சூரத்துல காய்ச்சுன பாகு."

ரீல்ஸில் காசு வாங்கி ஒரு பொருளைப் புகழ்ந்தால் அதைத் தெளிவாகச் சொல்லணும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டியது. ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதமும் உண்டு. தங்கச்சியும் சொல்லித்தான் இருந்தார், முப்பதாவது ஹேஷ்டேக்கில், 'கொலாப்' என்று. அதைப் படிக்கப் பூதக்கண்ணாடிக்குத் தனி ஆர்டர் போடணும்.

இன்பாக்ஸில் கேட்டோம். ஒரு சிவப்பு இதயம் வந்தது, அப்புறம் பிளாக்.

நேற்று மருமகள் போனில் அதே தங்கச்சி சிறுமுகைப் பட்டு விரித்தார். அப்பத்தா தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.