ரமணன் நின்றிருந்தால்?

கேள்வி: டி.வி.யில் வானிலை சொல்றவர் தேர்தல்ல நின்னா ஜெயிப்பாருங்களா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஜெயித்தே இருக்கிறாருங்க. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பல வருஷம் டி.வி.யில் மழை, பனி சொன்ன எரிக் சோரன்சன், 2022-ல் நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். டி.வி.யில் மழை, புயல் சொன்ன நம்ம சென்னை வானிலை மைய ரமணன் ஓய்வு பெற்றது 2016 மார்ச்சில். மே மாதமே சட்டமன்றத் தேர்தல். நின்றிருந்தால் அமோக ஆதரவுதான். என்ன, அத்தனை பேரும் மழை லீவுக்காக அவரைக் கொண்டாடிய பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓட்டில்லை!

கோவைப் பக்கம் டெபாசிட் தேறுவது இன்னும் கஷ்டம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றுதான் தாராளமாக வரும். மழையைப் பெரும்பாலும் மலையே பிடித்துக்கொள்ளும். சோளம் விதைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறவர், 'லேசான மழைக்கு வாய்ப்பு' என்பவருக்கா ஓட்டுப் போடுவார்? எதிர் வேட்பாளர் 'வாய்ப்பு' என்றெல்லாம் இழுக்க மாட்டார்; நாளைக்கே அணை நிரம்பும் என்று அடித்துச் சொல்வார்.