உழாமல் இருக்க ஒரு சம்பளம்

யார் காணி பெரிது என்ற சண்டை வரப்போரத்தில் வந்தால் பஞ்சாயத்து வைத்துத் தீர்த்துவிடலாம். சண்டைக்காரர்கள் சோவியத் யூனியனும் அமெரிக்காவும் என்றால் யாரைக் கூப்பிடுவது? இத்தனைக்கும் சாகுபடிப் பரப்பில் சோவியத்துதான் அண்ணன். அண்ணனுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

1954இல் சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கு ஒரு யோசனை. கஜகஸ்தானிலும் சைபீரியாவிலும் ஆடும் குதிரையும் மேய்கிற புல்வெளி சும்மா கிடக்கிறதே, உழுதால் என்ன? மனுஷன் சொன்னால் சொன்னதுதான். லட்சக்கணக்கில் இளைஞர்கள் ரயிலேறினார்கள். 1960க்குள் 4 கோடி ஹெக்டேருக்கு மேல் உழுது தள்ளினார்கள். ஏறக்குறைய ஒரு முழு கலிஃபோர்னியா! தங்க வீடு? கூடாரம். விளைந்ததைக் கொட்டிவைக்கக் கிடங்கு? அடடா, அதை மறந்துட்டோமே!

1956இல் வானம் கண் திறந்தது. நாட்டுத் தானியத்தில் பாதிக்கு மேல் இந்தப் புது நிலத்திலிருந்தே வந்தது. வைக்க இடமில்லாமல் வெட்டவெளியில் குவித்ததில் ஒரு பங்கு பாழானது. அதனாலென்ன, தலைவர் காலரைத் தூக்கிக்கொண்டார். இறைச்சி, பால், வெண்ணெயில் அமெரிக்காவைப் பிடிப்போம், தாண்டுவோம் என்று அடுத்த வருடமே சபதம் போட்டார்.

சரி, அதே 1956இல் அமெரிக்கா என்ன செய்துகொண்டிருந்தது? உட்கார்ந்துகொள்ளுங்கள். விதைக்காமல் இருப்பதற்கு விவசாயிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தது! விளைச்சல் வழிந்து, விலை சரிந்து, அரசுக் கிடங்குகள் பிதுங்க, அதிபர் ஐசனோவர் அரசு ‘சாயில் பேங்க்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. உன் நிலத்தைத் தரிசு போடு, செக் வாங்கிக்கோ. நம்ம விவசாயி எந்த ஊரானாலும் விவரமானவர்தானே? சொத்தைக் காட்டை அரசாங்கத்துக்குக் காட்டிவிட்டு, நல்ல வயலில் உரத்தைக் கொட்டினார். பரப்பு குறைந்தது, கிடங்கு காலியாகவில்லை.

1959இல் குருஷ்சேவ் அமெரிக்காவின் ஐயோவாவுக்கே போய், ராஸ்வெல் கார்ஸ்ட் என்ற மக்காச்சோள விவசாயியின் பண்ணையில் இறங்கினார். பின்னாலேயே பத்திரிகைக்காரர் பட்டாளம். கடுப்பான கார்ஸ்ட், மாட்டுத் தீவனத்தை அள்ளி அவர்கள் மேல் வீசினார். உலக சமாதானம் பேச வந்த விருந்தாளிக்கு அன்றைக்கு ஏக குஷி.

மக்காச்சோள மோகமோ குருஷ்சேவை ஏற்கெனவே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. 1954இல் 40 லட்சத்துச் சொச்சம் ஹெக்டேர், 1962இல் 3.7 கோடி! கோடையே எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிற வட பிரதேசத்திலும் விதைத்தார்கள். சார் ஆர்டர் போட்டுவிட்டார், சோளத்துக்கு அந்த ஆர்டர் போய்ச் சேரவில்லை. கதிர் முற்றாத தட்டையை மாட்டுக்குப் போட்டார்கள்.

1963இல் வறட்சி. உழுத கலிஃபோர்னியாவின் மேல்மண்ணைக் காற்று ஏற்கெனவே வாரிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தது. உலகத்திலேயே பெரிய காணிக்காரர் தங்கத்தை விற்றுக் கனடாவில் கோதுமை வாங்கினார், அமெரிக்காவிடமும்தான். கஜகஸ்தானில் விதைத்துக் கனடாவில் அறுக்கிற மகான் என்று சொந்த ஜனங்களே ஜோக்கடித்தார்கள். 1964இல் கட்சி அவரை வீட்டுக்கு அனுப்பியது.

அனுப்பிய கோஷ்டியில் முக்கியப் புள்ளி, அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிரெஷ்னேவ். கஜகஸ்தான் உழவை அங்கேயே இருந்து மேய்த்தவர். 1978இல் அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாக்கினார். அதாவது, வேறு ஆட்கள் எழுதிக் கொடுத்தார்கள். இலக்கியத்துக்கான லெனின் பரிசு அவருக்குத்தான் போனது.