ரேஸ் வண்டி பார்க்கப் போற மருமகனுக்கு

வா மருமகனே, உட்காரு. கியர் வண்டிதான் வேணும், அதுவும் பறக்கிற வண்டியா இருக்கணும், கையில காசு மட்டும் கொஞ்சமாத்தான் இருக்குன்னு உங்கம்மா சொன்னா. ரொம்ப சந்தோசம். காசு நெறைய இருக்கிறவனுக்கு நான் எதுக்கு? அவன் கண்டி வில்லியம் கோபல்லாவ மாவத்தையில ஒரு கண்ணாடிக் கடைக்குள்ள போய் விரலை நீட்டினா போதும். காசும் இல்லை, ஆசையும் அடங்கலைங்கிறவனுக்குத்தான் மாமன் தேவை.

மொதல்ல உன் வேகத்துக்குக் கணக்குப் பார்ப்போம். ஊருக்குள்ள சட்டப்படி 50, ஊர் தாண்டினா 70. நூறுல போகணும்னா அதிவேகப் பாதைக்குப் போகணும். அந்தப் பாதை 2022 ஜனவரியில மீரிகமையிலேயிருந்து குருணாகல் வரைக்கும் வந்துச்சு. கண்டி மலையில இன்னும் ஏறலை. அதனால நீ காலையில எழும்பி, கலகெதர வளைவெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால புகை குடிச்சுக்கிட்டே இறங்கி, குருணாகல்ல போய்க் காசு கட்டி நூறுல போயிட்டு, மத்தியானச் சோத்துக்குத் திரும்பி வரலாம். நல்ல பொழுதுபோக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கெட்டம்பேயிலயும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துலயும் நீ ஆசைப்படுற ரேஸ் வண்டிக்கும் பக்கத்துல நிக்கிற திரீவீலுக்கும் ஒரே வேகம்தான். பெரஹரா மாசத்துல யானைதான் முந்தும்.

ஆனா கியர் வண்டின்னு கேட்ட பாரு, அதுல மட்டும் உனக்கு என் ரத்தம் இருக்கு. கண்டி கடல் மட்டத்துக்கு மேல 500 மீட்டர்ல இருக்கு. எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஏத்தம், இல்லன்னா இறக்கம். கொழும்புக்குக் கடுகண்ணாவை, மாத்தளைக்குப் பலகடுவ, மஹியங்கனைக்கு அந்தப் பதினெட்டு வளைவு. ரோட்டைத் திருத்தினப்ப அதுல ஒண்ணு குறைஞ்சு போச்சு. பேரு மட்டும் பதினெட்டாவே நிக்குது. இந்த ரோட்டுல ரெண்டாம் கியரைப் போட்டு எஞ்சினாலேயே வண்டியைப் பிடிச்சு இறக்கத் தெரிஞ்சவனுக்குப் பிரேக் கடைசி வரைக்கும் வேலை செய்யும். தேயிலைப் பெட்டி ஏத்தின பெட்ஃபோர்ட் லொறியை நான் கடுகண்ணாவையில அப்படித்தான் இறக்கினேன். மேல உச்சியில ஒரு கோபுரம் நிக்குதே, 1832ல கட்டினது, அது அந்த ரோட்டைப் போட்ட டோசன் துரைக்கு. ரோடு போட்டவனுக்குத்தான் கோபுரம் வச்சான். அந்த ரோட்டுல பறந்தவன் எவனுக்கும் யாரும் ஒரு செங்கல்கூட வைக்கலை.

சரி, சந்தைக்கு வருவோம். 2020 மார்ச்சுல கவர்மெண்டுக்காரன் வாகன இறக்குமதியை நிறுத்தினான். கார் மறுபடி வர விட்டது 2025 பெப்ரவரியில. நடுவுல அஞ்சு வருசம் தகரம் எல்லாம் தங்கமாச்சு. இப்ப கதவு திறந்துட்டானேன்னு துள்ளாதே. மூணு வருசத்துக்கு மேல பழைய காரை இறக்க விடமாட்டான். நீ கனவுல ஓட்டுற 1990 காலத்து ஜப்பான் வண்டி எல்லாம் இந்தத் தீவுக்குள்ள என்ன இருக்கோ அவ்வளவுதான். புதுசா ஒண்ணு வராது. இருக்கிறதும் கை மாறி, கை மாறி, ஒவ்வொரு கையும் ஏதாவது ஒண்ணைக் கழட்டிட்டு வேற ஒண்ணை மாட்டி அனுப்பினது.

நீ ஆசைப்படுற ஆளுங்களைக் கூப்பிட்டு ஒவ்வொண்ணா விசாரிப்போம்.

மொதல்ல அந்த ஹொண்டா சிவிக் டைப் ஆர், ஈ.கே.9. 1997ல வந்தது. 1.6 லீட்டர் எஞ்சினுக்குள்ள 185 குதிரையை அடைச்சு வச்சான், டர்போ இல்லாமலேயே. பெரிய கெட்டிக்காரன். ஆனா அத்தனை குதிரையும் வெளியில வர்றது எஞ்சின் 8,200 சுத்து சுத்துறப்ப. பேராதனை ரோட்டுல நீ எங்கே சுத்துவே அவ்வளவு? இன்னொண்ணு, ஜப்பான்காரன் செஞ்சதே கொஞ்சம். அதுல இங்க வந்தது அதைவிடக் கொஞ்சம். ஆனா சிவப்பு எழுத்து ஒட்டின சிவிக் மட்டும் சந்திக்குச் சந்தி நிக்குது. அந்த எழுத்தைக் கடையில விக்கிறான், ராசா. சேசிஸ் நம்பர் ஈ.கே.9ன்னு தொடங்கலைன்னா அது டைப் ஆர் இல்லை, ஆசைப்பட்ட சாதாரண சிவிக். உண்மையானது கிடைச்சா விலையைக் கேட்டுட்டு, கும்பிட்டுட்டு வந்துடு.

அப்புறம் அந்தக் கொரொல்லா, ஏ.ஈ.86. பின்சக்கரம் தள்ளுற வண்டி, 1983லேயிருந்து 1987 வரைக்கும் செஞ்சான். ஜப்பான் படக்கதை ஒண்ணுல ஒரு பையன் மலை ரோட்டுல டோஃபு கொண்டு போவானாமே, அதைப் பார்த்துட்டுத்தானே நீ மயங்கினே? அவன் கோப்பையில தண்ணி சிந்தாம வளைவு எடுத்தான். நீ போன வாரம் என் திரீவீலை எடுத்துட்டுப் போய் அரை மூட்டைத் தேங்காயை ரோட்டுல உருட்டினே. கதை பிரபலமானதுல இருந்து அந்த வண்டிக்கு உலகம் பூராவும் விலை ஏறிக்கிட்டே போகுது. நாப்பது வயசுத் தகரத்துக்குக் கதைக்காகக் காசு கொடுக்காதே.

ஸ்டார்லட் டர்போ, ஈ.பி.82 ஜீ.டி. இது கொஞ்சம் யோசிக்க வைக்குது. 1.3 எஞ்சின், டர்போவோட 135 குதிரை, எடை ஏறக்குறைய 830 கிலோ. மலையில இது பாயும். டர்போவுக்கு உயரத்துல இன்னொரு லாபமும் இருக்கு. மேலே போகப் போகக் காத்து மெலிசாகும். நூறு மீட்டருக்கு ஏறக்குறைய நூத்துல ஒரு பங்கு பலம் குறையும். நுவரெலியா 1,868 மீட்டர். டர்போ இல்லாத வண்டியில நீ அங்க போய்ச் சேர்றப்ப அஞ்சு குதிரைக்கு ஒரு குதிரை ரம்பொடையிலேயே நின்னுடும். டர்போக்காரன் அவ்வளவு இழக்கமாட்டான். ஆனா அந்த வண்டிக்குள்ள டர்போ அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சுவிட்ச் இருக்கு. விக்கிறவன் உன்னைப் பார்த்து, "நான் எப்பவும் லோவுலதான் ஓட்டுவேன், மல்லி"ன்னு சொல்லுவான். நம்பு. முப்பது வருசமா இளந்தாரிப் பசங்க கையில இருந்த வண்டியில அந்த சுவிட்சை யாரும் தொடலைன்னு நம்பு. அதோட இந்த மாதிரி எஞ்சினுக்கு 95 ஒக்டேன் ஊத்தணும். 92ஐ ஊத்தி ஏத்தத்துல அமுக்கினா உள்ளே டிக் டிக்குனு ஒரு சத்தம் கேக்கும். அது பிஸ்டன் உன் காசை எண்ணுற சத்தம்.

சுசுகி ஆல்டோ வர்க்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதைப் பார்த்துச் சிரிக்காதே. 1987ல முதல் வர்க்ஸ் 64 குதிரையோட வந்தப்ப, சின்ன வண்டிக்கு இதுக்கு மேல வேணாம்னு ஜப்பான் கம்பனிக்காரன் எல்லாம் தங்களுக்குள்ள பேசி நிறுத்திக்கிட்டான். இன்னைக்கு வரைக்கும் அந்த 64தான். 2015ல மறுபடி அஞ்சு கியரோட இறக்கினான். எடை 670 கிலோ. ஹந்தானை ஏத்தத்துல அது ஓடுறதைப் பார்த்தா உனக்கே சந்தேகம் வரும். ஆனா உன் முழங்காலை எங்க வைப்பேங்கிறதை நீயே பார்த்துக்கோ.

என் மனசுல இருக்கிறது ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 2005ல வந்த மாதிரி. 1.6 எஞ்சின், 125 குதிரை, அஞ்சு கியர், டர்போ கிடையாது. மத்த பழைய வண்டியில எல்லாம் டைமிங் பெல்ட் எப்ப மாத்தினேன்னு கேட்டா விக்கிறவன் வானத்தைப் பார்ப்பான்; இதுல செயின். இது கிடைக்கலைன்னா யாரும் கை வைக்காத சாதாரண கியர் சிவிக், டைப் ஆர் இல்லாதது. கை வைக்காததுன்னா புரியுதா? பெரிய சைலன்சர் இல்லாதது, ஸ்பிரிங்கை வெட்டாதது, ஒரு கிழவர் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டினது. அந்த மாதிரி கிழவன் செத்தப்புறம் மகன்காரன் விக்கிற வண்டிக்கு நான் துக்க வீட்டுலேயே விலை பேசுவேன்.

இப்ப பார்க்கிற விதம். விடியக்காலையில போ, எஞ்சின் குளிர்ந்து கிடக்கணும். நீ வர்றதுக்கு முன்னாலேயே சூடாக்கி வச்சிருந்தான்னா, தேத்தண்ணியைக் குடிச்சுட்டு வந்துடு. மழை பெய்யாத நாள்ல பார். பளபளன்னு இருந்தா கூடுதலா சந்தேகப்படு. பழைய வண்டி விக்க நிக்கிறப்ப, பொண்ணு பார்க்கப் போற அன்னைக்குத் தலைக்கு மை அடிச்ச கிழவன் மாதிரிதான் நிக்கும். ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில கொண்டு போ. சிவிக்ல பின்சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவுதான் மொதல்ல துருப்பிடிக்கும். அங்க காந்தம் ஒட்டலைன்னா உள்ளே தகரம் இல்லை, பட்டி. கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம் கடற்காத்துல நின்ன வண்டின்னா அடியிலயும் படுத்துப் பார்.

அப்புறம் ஹந்தானை ரோட்டுக்கு ஏத்து. நல்ல ஏத்தத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு, மூணாம் கியரைப் போட்டுக் கிளச்சை மெதுவா விடு. எஞ்சின் உடனே நின்னா கிளச் நல்லது. வண்டியும் நகராம எஞ்சினும் நிக்காம உறுமிக்கிட்டே இருந்தா, கிளச்சுக்கு நீதான் காசு கொடுக்கப் போறே. ஓடுறப்ப மூணுலேயிருந்து ரெண்டுக்கு இறக்கு. பல்லைக் கடிக்கிற சத்தம் வந்தா கியர் பெட்டி பிரிக்கணும். கடைசியாகக் கடுகண்ணாவை. ரெண்டாம் கியர்ல, காலை எடுத்துட்டு, கீழே வரைக்கும் இறங்கு. இறங்கி முடிச்சதும் ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் பின் கண்ணாடியைப் பார். நீலப் புகை வந்தா எஞ்சின் ஒயில் குடிக்குது. அதே இறக்கத்துல பிரேக்கையும் சோதிச்சுப் பார். மிதி பஞ்சா அமுங்கினா பிரேக் ஒயில் தண்ணி இழுத்திருக்கலாம். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னா 2019ஆம் வருசம் 23ஆம் வாரம். பட்டன் எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு வயசைப் பார்க்காம வர்றவன்தான் மழையில பலகடுவையில சுத்துறான்.

இதுக்கு எல்லாம் விக்கிறவன் சம்மதிக்கலைன்னா சண்டை போடாதே. "அண்ணே, மாமாக்கிட்டக் கேட்டுட்டு வர்றேன்"னு சொல்லு. எங்க ஊர்ல அதுக்கு "வரமாட்டேன்"னு அர்த்தம், அவனுக்கும் தெரியும்.

கடுதாசி விசயத்துல மட்டும் நான் பகிடி பண்ணமாட்டேன். இந்த மாதிரி வண்டியில முக்கால்வாசிக்கு எஞ்சினை மாத்தியிருப்பான், ஜப்பான்ல பாதியா வெட்டி வந்த வண்டியில இருந்து எடுத்துப் போட்டிருப்பான். எஞ்சின்ல இருக்கிற நம்பரும் சேசிஸ்ல இருக்கிற நம்பரும் சீ.ஆர். பதிவுப் புத்தகத்துல இருக்கிறதோட ஒத்துப் போகணும். புத்தகத்துல லீசிங் கம்பனி பேர் இருந்தா, அந்த வண்டி இன்னும் கம்பனியோடது. "ஓபன் பேப்பர்ல எடுங்க, பேரு மாத்துறதை அப்புறம் பார்க்கலாம்"னு சொன்னா, முகம் தெரியாத பழைய சொந்தக்காரனை நீ வாழ்க்கை பூரா தேடப் போறே. சட்டப்படி கைமாறின 14 நாளைக்குள்ள உன் பேருக்கு மாத்தணும். வருசா வருசம் புகைப் பரிசோதனை பாஸானாத்தான் வாகன அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அந்த இடி முழக்கச் சைலன்சரைப் பொலிஸ்காரன் தலதா வீதியிலேயே கேட்டு நிறுத்துவான்.

காசை மூணாப் பிரி. ரெண்டு பங்குக்கு வண்டி. ஒரு பங்கை உங்கம்மாக்கிட்டக் கொடுத்துப் பூட்டி வை. வாங்கின மாசமே அதுல இருந்து நாலு டயர், பிரேக், புஷ், ஒயில் எல்லாம் போகும், மிச்சம் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு. கண்டியில கிடைக்காத சாமான் அங்கதான் கிடைக்கும், அங்கயும் இல்லைன்னா ஜப்பான்ல இருந்து வரணும், அதுக்குள்ள நீ பஸ்ஸுல. பெற்றோலையும் மறந்துடாதே: 2022ல கியூ.ஆர். அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீட்டர்தான் கொடுத்தான். அன்னைக்கு டர்போ வச்சிருந்தவன் எல்லாம் அதைக் கழுவித் துடைச்சு வாசல்ல நிறுத்திட்டு என் திரீவீல்ல ஏறினான்.

அதுக்கு அப்புறமும் வேகம் வேணும்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சுன்னா, ஏப்ரல்ல நுவரெலியாவுக்குப் போ. மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934லேயிருந்து நடக்குது. ரோட்டை மூடி, ஆம்புலன்ஸ் நிறுத்தி, ஒவ்வொருத்தனாத் தனியா விட்டு நேரம் பிடிப்பான். அங்க பறந்தா கைதட்டுவான், கண்டி ரோட்டுல பறந்தா உங்கம்மாவுக்குக் கோல் எடுப்பான்.

முடிவாச் சொல்றேன் கேட்டுக்கோ: டைப் ஆர் வேணாம், எண்பத்தாறு வேணாம், ஸ்டார்லட் வேணாம். புத்தகம் சுத்தமா இருக்கிற ஸ்விஃப்ட் ஸ்போர்ட், அது சிக்கலைன்னா கை படாத கியர் சிவிக். இப்பவே முன்பணம் கொடுத்துடாதே. பார்க்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ, பேரம் நான் பேசுறேன்.