நெட்டையர் பஞ்சம்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ சீசனில் நவம்பர் மாதம் என்பது நிபுணர்கள் உயரம் அளக்கும் மாதம். ஒக்லஹோமா சிட்டி தண்டர் 2024-இல் மூன்றாண்டுக்கு 8.7 கோடி டாலர் என்று பேசி ஏழடி ஐசேயா ஹார்ட்டன்ஸ்டைனை அழைத்துவந்தது. 7 அடி 1 அங்குல செட் ஹோம்கிரன் ஏற்கெனவே இருந்தார். பனைக்குத் துணையாக இன்னொரு பனை. சீசன் தொடங்கும் முன்பே புதியவரின் கை முறிந்தது, நவம்பர் 10 அன்று பழையவரின் இடுப்பெலும்பு. மாற்று ஆளான ஜேலின் வில்லியம்ஸுக்கும் காயம். பயிற்சியாளர் மார்க் டைக்னால்ட் வேறு வழியின்றி 6 அடி 5 அங்குல ஜேலன் வில்லியம்ஸை, வழக்கமாக நெட்டையர் ஆடும் சென்டர் இடத்தில் நிறுத்தினார். ஒப்பாரி தொடங்கிவிட்டது.

இடுப்பெலும்பு முறிந்த மறுநாளே தண்டரின் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 45 புள்ளி எடுத்து கிளிப்பர்ஸை வீழ்த்தியதை யாரும் உயரக் கணக்கில் சேர்க்கவில்லை. சான் அன்டோனியோவிடம் தோற்றார்களே என்பீர்கள். தோற்றார்கள்தான், ஆனால் அன்று எதிரணியின் நெட்டையரான வெம்பன்யாமாவும் ஆடவில்லை. நெட்டையர் இல்லாததுதான் குற்றமென்றால் இரு அணியுமல்லவா தோற்றிருக்க வேண்டும்? ரீபவுண்டில் அடி விழும், மறுக்கவில்லை. அதை எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து ஈடுகட்டலாம்; அதற்கு அடிக்கோல் தேவையில்லை.

பிளே-ஆஃபுக்கு உயரம் இல்லாமல் முடியாது என்பது அடுத்த வாதம். 68 வெற்றிகளோடு வந்த அதே அணி, 2025 இறுதித் தொடரின் முதல் மூன்று ஆட்டங்களிலும் நலமாயிருந்த ஹார்ட்டன்ஸ்டைனைத் தொடக்க ஐவரில் சேர்க்கவில்லை. 1-2 எனப் பின்தங்கியதும் நான்காவது ஆட்டத்தில் அவரைத் திரும்ப நிறுத்தி, கடைசியில் கோப்பையையும் வாங்கியது. உயரம் வேண்டும் என்ற நிபுணர்களும் வேண்டாம் என்றவர்களும் தாங்கள் சொன்னதுதான் நடந்தது என்றார்கள்.